குலசிங்கம் ஆழமாக்கிய கிணறு

சூரியன் பூமிக்குக் கிட்ட வந்துவிட்டது. வெயில் இப்படிக் கொளுத்துவதற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லுவேன். யார் வந்து மறுத்தாலும் சொல்லுவேன். எங்கள் ஊர் மடத்துவெளியில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். கடை வல்லிபுரத்தாரைக் கேட்டால், மன்னார்ப் பக்கத்தில் நட்டிருக்கிற காற்றாடிகள் மழை மேகத்தைக் கலைத்து இந்தியாவுக்குத் தள்ளிவிடுகின்றன என்பார். போன் கோபுரம் வந்த பிறகுதான் இடி மின்னல் குறைந்தது என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். சந்திரனுக்கு ரொக்கெட் விட்டு விட்டு வானத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் கதைப்பார்கள், வெற்றிலையைத் துப்புவார்கள், எழும்பிப் போவார்கள். அதனால் யாருக்கும் ஒரு நட்டமுமில்லை. குலசிங்கம் ஒருவன்தான் தான் நம்பியதை அலவாங்கு எடுத்து நிலத்தில் குத்திப் பார்த்தவன். அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

குலசிங்கம் காலமாகிவிட்ட என் புருசனுடைய கடைசித் தம்பி. நான் கலியாணம் முடித்து இந்தப் புங்குடுதீவுக்கு வந்தபோது காற்சட்டையோடு மாடு சாய்த்துக்கொண்டு திரிந்தான். என்னை மச்சாள், மச்சாள் என்று சுற்றிச் சுற்றி வருவான். வளர்ந்து மழையை நம்பி நெல் விதைத்தான், இரண்டு மாடு வைத்திருந்தான், ஜெயந்தாவைக் கட்டினான். மற்றவர்கள் போல வெளிநாட்டுக்குப் போக அவனுக்கு மனமில்லை. கேட்டால், எல்லாரும் போனால் வேலியை யார் அடைக்கிறது என்று சிரிப்பான்.

இராணுவம் தீவுப்பகுதியைப் பிடித்தபோது எல்லாரும் ஓடினோம். நாங்கள் கொக்குவிலில் ஒதுங்கினோம். அவனும் ஜெயந்தாவும் பிறகு வன்னிக்குப் போய்விட்டார்கள். அங்கே காணியுமில்லை, மாடுமில்லை. விசுவமடுப் பக்கம் கிணறு வெட்டுகிற ஆட்களோடு சேர்ந்து கூலிக்குப் போனான். வன்னி மண் வேறு. மேல் தண்ணீர் கலங்கலாக, இரும்புக் கறள் வாடையோடு இருக்குமாம். இன்னும் ஒரு ஆள் ஆழம் வெட்டினால் தெளியுமாம். அதற்கும் கீழே போனால் குளிர்ந்து இனிக்குமாம். கோடையில் வற்றுகிற கிணற்றை ஆழமாக்கி, அந்த வீட்டுக்காரர் முதல் வாளியை மொண்டு குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அந்தக் காலத்தில் அவனுக்கிருந்த ஒரே சந்தோசம். இதை அவன் எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை.

கடைசிச் சண்டையில் செல் விழுந்து ஜெயந்தா செத்துப்போனாள். அவளை எந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தான் என்று நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. முகாமிலிருந்து விட்டபோது, வளர்ந்து வந்த பெண்பிள்ளை அனோஜினியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே இங்கே வந்தான். நானும் கொக்குவிலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன்.

வந்தவன் வீட்டுக்கூரையைப் பார்க்கவில்லை, முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தான். எங்கள் பக்கத்தில் காணி ஒருவருக்கு எழுதினாலும் கிணற்றில் பங்கு என்று தனியாக எழுதுவார்கள். அந்தக் கிணற்றில் ஆறு வீட்டுக்குப் பங்கு. சுற்று வட்டாரத்தில் மற்றக் கிணறுகள் எல்லாம் சவர். அது ஒன்றுதான் நல்ல தண்ணீர். நாங்கள் இல்லாத காலத்தில் அதற்குள் காவோலையும் தகரமும் மாட்டு எலும்பும் விழுந்து கிடந்தன. குலசிங்கம் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, எல்லாவற்றையும் அள்ளி, திரும்பத் திரும்ப இறைத்து, சுண்ணாம்பு போட்டு, பழைய தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டான். அன்றிலிருந்து கிணறு அவன் பொறுப்பு. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அள்ளலாம், குளிக்க வேறு கிணற்றுக்குப் போ, மோட்டர் வைக்காதே. இதெல்லாம் அவன் போட்ட சட்டம். யாரும் மீறவில்லை. மீற ஆட்களும் இல்லை. ஆறு வீட்டில் மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் கனடாவிலும் பிரான்சிலும். இங்கே இருக்கிறது நானும், வல்லிபுரத்தாரும், குலசிங்கமும்.

நாலைந்து வருசமாகத் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது. மாரி வந்தால் ஒரேயடியாகக் கொட்டி வெள்ளமாகக் கடலுக்கு ஓடிவிடும். பிறகு தை பிறக்க முன்பே நிலம் காயத் தொடங்கிவிடும். ஆனியில் வாளி அடியில் இடித்தது. தேத்தண்ணீருக்குப் பால்மா போட்டால் திரைந்தது.

அப்போதுதான் பிரியவதனி என்ற பெட்டை வந்தாள். கம்பஸில் படிக்கிறவள், கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை. தீவுகளில் சனம் காலநிலையைப் பற்றி என்ன நினைக்கிறது என்று கேட்டு எழுதுவதும், கிணற்றுத் தண்ணீரைக் கருவியில் பார்ப்பதும் அவளுடைய வேலை. வல்லிபுரத்தாரின் கடை வாசலில் எங்கள் மூன்று பேரையும் இருத்தி வைத்துக் கேட்டாள். காலநிலை மாறுகிறது என்று நினைக்கிறீர்களா, ஓம், இல்லை, தெரியாது, மூன்றில் ஒன்று சொல்ல வேண்டும்.

"மாறும்தானே, பிள்ளை," என்றார் வல்லிபுரத்தார். "வைகாசியில வெயில், கார்த்திகையில மழை. இதுக்கு உங்களைக் கம்பஸுக்கு அனுப்பி வேற படிப்பிக்கினமோ?"

அவள் கோபிக்கவில்லை. உலகம் முழுக்கத் தொழிற்சாலையும் வாகனமும் விடுகிற புகையால் வெக்கை கூடுகிறது, கடல் உயர்கிறது, மழை ஒழுங்கு கெடுகிறது என்று விளங்கப்படுத்தினாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் தெருவில் ஓடுவது இரண்டு ஓட்டோ, ஒரு தட்டிவான், ஒரு பஸ். வேறு யாரோ எங்கேயோ விட்ட புகை இத்தனை கடல் தாண்டி எங்கள் கிணற்றுக்குள் எப்படி இறங்கும்? கேட்டேன். அவள் சொன்ன பதில் நீளமாக இருந்தது. சூரியன் கிட்ட வரவில்லை என்றும் சொன்னாள். நீ போய் அளந்தனியோ என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். நல்ல பிள்ளை. அதற்காக நான் என் சொல்லை மாற்றவில்லை.

பிறகு கிணற்றடிக்கு வந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு, குலசிங்கத்திடம் ஒரு விசயம் சொன்னாள். அது எனக்கு நன்றாக விளங்கியது, ஏனென்றால் அவள் குசினியை வைத்துச் சொன்னாள். தேங்காய்ப்பாலைப் பிழிந்து வைத்தால் கெட்டிப்பால் மேலே நிற்கும், தண்ணீர் அடியில் நிற்கும். அதுபோலத் தீவுக்குக் கீழே மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. மேலால் மெதுவாக அள்ளலாம். அடியைக் குத்தினால் உப்பு எழும்பி வரும். ஆகையால் எந்தக் காலத்திலும் கிணற்றை ஆழமாக்க வேண்டாம் என்றாள்.

குலசிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீர் வன்னிப் பிள்ளைதானே. உங்கட வீட்டுக் கிணறு எவ்வளவு ஆழம்?"

"நல்ல ஆழம், ஐயா."

"தண்ணி எப்பிடி?"

"நல்ல தண்ணி. ஆனா அது வேற நிலம், ஐயா. இது..."

"தண்ணிக்கு வேற நிலம், இந்த நிலம் எண்டு இருக்கோ, பிள்ளை," என்றான். அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தான். அவள் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வருசம் அது அப்படியே போயிருக்கும். அனோஜினி இருந்ததால்தான் போகவில்லை.

அனோஜினி முந்தின வருசம் றஜீபனைக் கட்டினாள். அவன் வவுனியாவில் ஒரு சீமெந்துக் கடைக்கு லொறி ஓட்டுகிறவன். பிள்ளைப்பேற்றுக்கு அனோஜினி தகப்பனிடம் வந்தாள். பங்குனியில் ஆண்பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகும் அவள் திரும்பிப் போகவில்லை. றஜீபனும் நல்ல பொடியன். ஒரு ஓட்டோ எடுத்துக்கொண்டு இங்கேயே வந்து நிற்கலாம், குறிகட்டுவான் இறங்குதுறைக்கு நயினாதீவுச் சனத்தை ஏற்றி இறக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். இதைக் கேட்டதிலிருந்து குலசிங்கம் தரையில் நடக்கவில்லை. பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வளவு முழுக்கத் திரிவான். இந்தத் தெருவில், இந்த ஒழுங்கையில், குழந்தை அழுகிற சத்தம் கேட்டு எவ்வளவு காலம்! ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்து வகுப்புகளை ஒன்றாக்கிவிட்டார்கள். ஒரு பிள்ளை கூடினாலும் கூடினதுதான் என்று அவன் இப்போதே கணக்குப் போட்டான்.

ஆனால் தண்ணீர். பிள்ளையைக் குளிக்க வார்த்தால் தோலில் பொரிந்தது. சோறு மஞ்சளாக வந்தது. பிரதேச சபை பவுசர் லொறியில் தண்ணீர் அனுப்பும். அனுப்புகிற நாளும் தெரியாது, நேரமும் தெரியாது. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அனோஜினி வெயிலில் கலனோடு வரிசையில் நிற்பாள். ஒருநாள் திரும்பி வந்து கலனை இறக்கி வைத்துவிட்டுத் தகப்பனிடம் நேரே சொன்னாள்.

"அப்பா, எனக்கு இஞ்ச இருக்கத்தான் விருப்பம். இவரும் வாறன் எண்டுறார். ஆனா நல்ல தண்ணி இல்லாத இடத்தில பிள்ளையை வளக்க ஏலாது. புரட்டாதிக்குள்ள ஒரு வழி வராட்டி நாங்கள் வவுனியாவுக்குப் போறம். என்னோட கோவிக்காதையுங்கோ."

அவன் கோபிக்கவில்லை. அன்று பின்னேரமே கிணற்றடிக்குப் போய் நீளக் கம்பியை விட்டு அடிப்பாறையைத் தட்டித் தட்டிக் கேட்டான்.

பங்குக்காரர் எல்லாரும் சம்மதித்தால்தான் கிணற்றில் கை வைக்கலாம். என் பங்கு என்னுடையதல்ல. மகள் தர்சனாவுக்குச் சீதனமாக எழுதியாகிவிட்டது, அவள் கனடாவில். கிணற்றுக்கட்டில் போனைச் சாத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். பிரான்சிலிருக்கிறவர் கிணற்றை மறந்தே போயிருந்தார். செய்யுங்கோ, நல்லது என்றார். கனடாவிலிருக்கிற இரண்டு பேரில் ஒருவர் உடனே சம்மதித்தார், மற்றவர் போனை மகனிடம் கொடுத்தார், அந்தப் பொடியனுக்குத் தமிழ் சரியாக வரவில்லை, ஓக்கே என்றான். தர்சனா, "சித்தப்பாவுக்குத் தெரியாததோ, செய்யட்டும்," என்றாள். வல்லிபுரத்தார், அந்தப் பெட்டை சொல்லுகிறதைக் கேட்டால் தொண்டை காய்ந்து சாக வேண்டியதுதான் என்று முடித்துவிட்டார். கிணற்றை உடைக்க முதல் அம்மாளுக்குப் பொங்க வேண்டும், பொங்காமல் கை வைத்தால் கூடாது என்று நான் மட்டும் நின்றேன். பொங்கல், தண்ணீர் வந்த பிறகு என்றான். தண்ணீருக்கு முதல் என்றேன் நான். அதில் சண்டை பிடித்தோமே தவிர, வெட்டலாமா வேண்டாமா என்பதில் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

அனோஜினி மட்டும் ஒரு சொல் சொன்னாள்.

"அப்பா, அந்தக் கம்பஸ் அக்கா வேண்டாம் எண்டவவெல்லோ?"

"அவ புத்தகத்தில பாத்தவ, அம்மா. நான் கையால பாத்தனான்."

வேலணையிலிருந்து கல்லுடைக்கிற மிசினோடு இரண்டு பேர் வந்தார்கள். கரையில் நில், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, இந்த வயதில் அவனும் இறங்கினான். அடிப்பாறை முருகைக்கல். மிசின் முதல் தட்டை உடைத்தது. பிறகு இவன் அலவாங்கால் குத்தினான். ஒரு ஆள் ஆழம் போன பிறகு பக்கச் சுவரில் ஒரு கண் திறந்து தண்ணீர் பாய்ந்தது. ஏணியால் ஏறி வந்தபோது இடுப்பு வரை நனைந்திருந்தான். கையிலிருந்த செம்பை முதலில் அனோஜினியிடம் நீட்டினான். அவள் குடித்தாள், பிள்ளையின் உதட்டில் ஒரு துளி தடவினாள். பிறகு நான் குடித்தேன். இனித்தது. பொய் சொல்லக்கூடாது, இனித்தது.

அன்று கிணற்றடியில் நான் பொங்கினேன். அனோஜினி கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து பிள்ளையின் உடுப்புகளைத் திரும்பவும் அலுமாரியில் அடுக்கினாள். றஜீபன் வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டோ விசயமாக ஊர்காவற்றுறைக்கு ஒருவரைப் பார்க்கப் போனான். குலசிங்கம் கத்தரிக் கன்று வைத்தான். அள்ள அள்ளத் தண்ணீர் குறையவில்லை. குறையாததைப் பார்த்து வல்லிபுரத்தார் மோட்டர் பூட்டிக் குழாய் இழுத்துத் தன் வாழைக்கும் விட்டார். முன்பென்றால் குலசிங்கம் விட்டிருக்க மாட்டான். இப்போது, காணுமளவு எடுங்கோ அண்ணை என்றான். கொடுக்கிற சந்தோசம் அவனுக்குத் தலைக்கேறிவிட்டது.

சவிரிமுத்து என்று ஒருவர் சைக்கிளில் மீன் கொண்டு வருவார். கடற்றொழில் செய்கிற மனிதர், நல்ல மனம். வந்தால் எங்கள் கிணற்றில் ஒரு செம்பு குடித்துவிட்டுத்தான் மீன்பெட்டியைத் திறப்பார். வெட்டி மூன்று நாலு கிழமை போயிருக்கும். ஒருநாள் வழக்கம்போல மொண்டு வாயில் விட்டவர், விழுங்க முதல் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு விழுங்கினார். மிச்சத்தைத் துப்பவில்லை, மரியாதைக்காரர், பூவரசின் அடியில் மெல்ல ஊற்றினார். பிறகு மீன்பெட்டியைத் திறந்தார். குலசிங்கம் அதைப் பார்த்துவிட்டான்.

உடைத்த கல்லின் தூள், அதுதான் காரணம் என்று சொன்னான். வன்னியிலும் புதுக்கிணறு முதலில் இப்படித்தான் இருக்குமாம். அங்கே என்ன செய்வார்களென்றால் கிணற்றை அடியோடு இறைத்து வெளியே விடுவார்களாம்; புது ஊற்று வந்து கழுவிவிடுமாம். வல்லிபுரத்தாரின் மோட்டரையே கேட்டு வாங்கி, விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை இறைத்தான். தண்ணீர் ஒழுங்கை வழியே ஓடிக் குளக்கட்டு வரை போனது. அடி தெரிகிறவரை இறைத்துவிட்டு ஊறவிட்டான். ஊறியது. வாயில் வைக்கும்போதே கைத்தது. விடவில்லை. மறுநாளும் இறைத்தான். அதற்கடுத்த நாளும் இறைத்தான். கத்தரிக் கன்றுகளின் இலை ஓரம் கருகிக்கொண்டு வந்தது. நிறுத்தடா, காணும் என்று நான் கெஞ்சினேன். இன்னும் ஒருக்கால் மச்சாள் என்றான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சவிரிமுத்து வந்தார். இவன் செம்பை நீட்டி, சொல்லும் என்றான். அவர் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது கடல்," என்றார்.

அதற்குப் பிறகு இறைக்கவில்லை. களிமண் கொண்டுவந்து கொட்டி, கல் அடுக்கி, சீமெந்து போட்டு, உடைத்த அடியைத் திரும்ப மூடப் பார்த்தான். பழைய உயரத்துக்கு மூடியும்விட்டான். தண்ணீர் மூடியதற்கு மேலே உப்பாகவே நின்றது. தேங்காய்ப்பாலைக் கலக்கிவிட்டுக் கையை எடுத்தவுடன் பிரிந்து நிற்குமா?

புரட்டாதி பிறந்து அனோஜினி போனாள். ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். லொறியில் சாமான் ஏற்றுகிற வரை பிள்ளையை வைத்திருந்தவன், கொடுக்கிற நேரம் வந்ததும் பிள்ளையின் தொப்பியைச் சரிப்படுத்திக்கொண்டே நின்றான். அப்பா, நீங்களும் வாங்கோவன் என்றாள். பிறகு பார்ப்போம் என்றான். றஜீபன் ஓட்டோவுக்குச் சொன்ன ஆளுக்குப் போனில் வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இனி நடந்ததுதான் எனக்கு விளங்காதது. ஊர்ச் சனம் குலசிங்கத்தைத் திட்டவில்லை. ஆறு பங்குக்காரரின் கிணறு, சுற்று வட்டாரத்துக்கே குடிதண்ணீர், அதை உப்பாக்கியவன். ஏசியிருக்கலாம். மாறாக ஆளாளுக்கு வந்து தேற்றினார்கள். தேற்றுவதற்கு எதை எடுத்தார்களென்றால், அந்தப் பெட்டை சொன்னபோது நையாண்டி பண்ணினார்களே, அதையே எடுத்தார்கள். வல்லிபுரத்தார் இப்போது இரவு பகலாக யூடியூப்பில் அதைத்தான் பார்க்கிறார்.

"வடதுருவத்தில பனி உருகுதாம், குலசிங்கம். மலை மலையா உருகிக் கடலுக்குள்ள விழுகுதாம். உலகத்தையே கடல் மூடப் பாக்குது, நீர் ஒரு மனிசன் என்ன செய்வீர்? இது காலநிலை மாற்றம். உம்மட பிழையில்லை."

கனடாவிலிருந்து தர்சனாவும் அதையே சொன்னாள். அங்கே பனி குறைந்துபோய்விட்டதாம். பிரான்சுக்காரரும் சொன்னார். நான்கூடச் சூரியனைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் என்னிடம் சொன்னான்:

"எல்லாரும் எனக்கு மன்னிப்புக் குடுக்கினம், மச்சாள். நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையே."

கார்த்திகையில் மழை ஒரு கிழமையாக விடாமல் கொட்டியது. வயலெல்லாம் மூழ்கி நெல் அழுகியது. அந்தத் தண்ணீராவது கிணற்றைத் தேற்றும் என்று நான் நம்பினேன். குலசிங்கம் குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் போய்க் கையை விட்டு நக்கிப் பார்ப்பான். மழை விட்டுத் தண்ணீர் வடிந்த பிறகும் உப்புத்தான்.

தை முடிகிற நேரம் பிரியவதனி திரும்பி வந்தாள். முதல் வருசம் கேட்டதையே இரண்டாம் வருசமும் கேட்டு, சனத்தின் நினைப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். கடை வாசலில் அதே இருக்கை. காலநிலை மாறுகிறதா என்று கேட்டாள். வல்லிபுரத்தார் அவள் கேட்டு முடிக்க முன்பே ஓம் என்றார், பனிமலைக் கதை முழுவதையும் அவளுக்கே படிப்பித்தார். நானும் ஓம் என்றேன். மாறுகிறது, காரணம்தான் வேறு. பெட்டைக்குச் சந்தோசம். குலசிங்கத்தைப் பார்த்தாள்.

"இல்லை," என்றான் அவன்.

அவள் திகைத்துப்போனாள். ஐயா, உங்கட கிணறே உப்பாகிவிட்டதாமே, கேள்விப்பட்டேன் என்றாள்.

"அது நான் செய்தது. நீர் வேண்டாம் எண்டனீர், நான் வெட்டினனான். கடல் தானா வரேல்லை, நான்தான் கதவைத் திறந்தனான். அதைக் கொண்டுபோய்க் காலநிலை எண்டு எழுதிப்போடாதையும்."

வல்லிபுரத்தார் இருமிக்கொண்டு உள்ளே எழும்பிப் போனார். பெட்டை பேனையை மூடிவைத்தாள். பிறகு, அவனை ஆற்ற வேண்டும் என்ற நல்ல மனதோடுதான் சொன்னாள், அதை நான் எங்கேயும் சொல்லுவேன். மற்றத் தீவுகளிலும் பார்த்திருக்கிறாளாம், நெடுந்தீவிலும் பார்த்திருக்கிறாளாம். யாரும் கை வைக்காத கிணறுகளிலும் உப்பு வருசத்துக்கு வருசம் ஏறுகிறதாம்.

"நீங்கள் தொடாமல் விட்டிருந்தாலும், ஐயா, அது எப்பிடியும் உப்பாகியிருக்கும். ஒரு பத்துப் பதினைஞ்சு வருசத்தில."

குலசிங்கம் நிமிர்ந்து பார்த்தான்.

"பத்து வருசமோ?"

"ஓம், ஐயா. கூடினால் பதினைஞ்சு."

"பத்து வருசம் இருந்திருந்தால் அவன் இஞ்ச வளந்திருப்பான், பிள்ளை. இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பான்."

தேற்றச் சொன்னது எங்கே போய் விழுந்தது என்று அப்போதுதான் கண்டாள். கேட்பதற்கு இன்னும் கேள்விகள் இருந்திருக்க வேண்டும். கேட்கவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் நான் அவனுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அனோஜினியின் போன் வந்தது. போனுக்குள் பேரன் எதையோ பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கிறான், விழுகிறான், சிரிக்கிறான். சித்திரை வருசப்பிறப்புக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு கிழமை நிற்கப்போகிறோம் என்று அவள் ஆசையாகச் சொன்னாள். போத்தல் தண்ணீர் கொண்டு வருவார்களாம்.

"வேண்டாம், அம்மா," என்றான் குலசிங்கம். "பிள்ளையை இஞ்ச கொண்டு வராதை."

"என்னப்பா இது. ஒரு கிழமைதானே."

"வேண்டாம். இஞ்சத்தைத் தண்ணி அவன்ர வாயில படக்கூடாது. நான் வந்து பாக்கிறன்."

அவள் அழுதாளென்று நினைக்கிறேன். போனில் பிள்ளையின் சத்தம் மட்டும் கேட்டது. இவன் போனைக் கதிரையில் கவிழ்த்து வைத்தான். சாப்பிடடா என்றேன். ஓம் என்றான், சாப்பிட்டான். சித்திரை வந்து போய்விட்டது. அவன் இன்னும் வவுனியாவுக்குப் போகவில்லை.